சீட்டுக் குலுக்கிக் கிடைத்த விடை

1974 செப்டம்பர் 28 அன்று அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை நடந்தது. மார்பகத்தோடு அதன் அடித்தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்துவிடும் முறை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஹால்ஸ்டட் வகுத்தது. எவ்வளவு அதிகம் வெட்டுகிறோமோ அவ்வளவு பிழைப்பு என்ற அவருடைய நம்பிக்கையைப் பல பத்தாண்டுகளாக யாரும் முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை. அதையொட்டிய நாட்களிலேயே, மார்பகத்தை மட்டும் எடுத்தாலும் பலன் மாறுவதாகத் தெரியவில்லை என்று பெர்னார்ட் ஃபிஷர் என்ற பிட்ஸ்பர்க் அறுவை மருத்துவர் தம் ஆய்வின் முதல் முடிவுகளை வெளியிட்டார்.

'பி-04' எனப்பட்ட அந்த ஆய்வு 1971-இல் தொடங்கியது. 34 மருத்துவ நிலையங்களிலிருந்து 1,600-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்தார்கள். யாருக்கு எந்த அறுவை என்பதை மருத்துவரின் அனுபவம் முடிவு செய்யவில்லை, குலுக்கல் முடிவு செய்தது. ஆனால் உண்மையான சோதனை அடுத்ததில்தான் வந்தது. 1976-இல் தொடங்கிய 'பி-06' ஆய்வில் மார்பகம் முழுவதையும் எடுப்பது, கட்டியை மட்டும் எடுப்பது, கட்டியை எடுத்துக் கதிர்வீச்சும் தருவது என மூன்று வழிகள். முழு மார்பகத்தை இழப்பதா, வேண்டாமா என்பதைச் சீட்டு சொல்லும் என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? ஆய்வுக்கு ஆள் சேரவில்லை.

பெண்கள் பயந்து மறுத்தார்கள் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆய்வில் பங்கேற்ற அறுவை மருத்துவர்களிடமே காரணம் கேட்டு 1984-இல் ஒரு கணக்கெடுப்பு வெளியானது. தகுதியுள்ள நோயாளிகள் எல்லோரையும் சேர்க்காத மருத்துவர்களில் 73 சதவீதத்தினர், நோயாளியுடனான உறவு கெட்டுவிடும் என்று அஞ்சியதாகச் சொன்னார்கள். 22 சதவீதத்தினருக்கு நிச்சயமின்மையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதே பிடிக்கவில்லை. அதாவது, 'இரண்டில் எது நல்லது என்று எனக்குத் தெரியாதம்மா' என்ற ஒரு வாக்கியம் அவர்கள் வாயில் வரவில்லை. பல பெண்கள் மறுக்கவே இல்லை, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதே இதன் பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்றைய வழக்கத்தை நினைத்தால் இதில் வியப்பில்லை. கட்டியைச் சோதிக்க மயக்க மருந்து கொடுப்பார்கள். புற்று என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பகத்தையும் எடுத்துவிடுவார்கள். கண் விழிக்கும்போது மார்பகம் இருக்குமா என்பது அறியாமலேதான் அவள் முன்கூட்டிக் கையெழுத்திட்டிருப்பாள். 1974-இல் தமக்கே கட்டி கண்ட பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் இதை எதிர்த்தார். சோதனை ஒரு நாள், சிகிச்சை வேறொரு நாள், நடுவில் என் முடிவு என்பதுதான் அவர் கேட்டது. பலமுறை சண்டையிட்டார். 1979-இல் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழுவில் அவரும் இருந்தார். அந்த ஒரே மயக்க முறை வழக்கமாக இருக்கக் கூடாதென்று அக்குழு சொன்னது.

ஃபிஷர் குழு கண்ட வழி வேறு. புள்ளியியலாளர் மார்வின் ஸெலன் முன்வைத்த யோசனைப்படி, 1978-இலிருந்து சீட்டை முதலில் குலுக்கினார்கள். விழுந்ததைச் சொல்லி, பிறகு பெண்ணின் சம்மதத்தைக் கேட்டார்கள். வேண்டாமென்றால் வேறு சிகிச்சை. மருத்துவரின் சங்கடம் நீங்கியது. ஆள் சேரும் வேகம் சுமார் ஆறு மடங்கானது. ஆனால், கையில் விடையை வைத்துக்கொண்டு பேசும் மருத்துவர் அந்தப் பக்கமே சாய்த்துப் பேசமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? அன்று எழுந்த இந்த ஆட்சேபம் நியாயமானது என்றே கருதுகிறேன். அந்த வழி இல்லாவிட்டால் ஆய்வே முடிந்திருக்காது என்பதும் உண்மை.

1984 வரை 2,163 பெண்கள் சேர்ந்தார்கள். 1985-இல் முடிவு வந்தது: கட்டியை மட்டும் எடுத்தவர்களும் மார்பகத்தை இழந்தவர்களும் ஒரே அளவில் உயிர் வாழ்ந்தார்கள்.

இன்னொரு அத்தியாயமும் உண்டு. மாண்ட்ரியலில் ஒரு மருத்துவர் தகுதியில்லாத நோயாளிகளைச் சேர்ப்பதற்காகச் சில தரவுகளைத் திருத்தியிருந்தது 1994-இல் வெளியே தெரிந்தது. அமெரிக்கப் பெண்கள் கொதித்தார்கள். உடலையே நம்பிக் கொடுத்தவர்களுக்குச் செய்தித்தாள் வழியாகச் செய்தி வந்தால் வேறென்ன செய்வார்கள்? ஃபிஷர் ஆய்வுக் குழுவின் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார், 1997-இல் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். அந்த மருத்துவரின் நோயாளிகளை விலக்கிவிட்டுக் கணக்கிட்டபோதும் முடிவு மாறவில்லை.

2002-இல் 'பி-06' பெண்களின் இருபதாண்டுக் கணக்கு வெளியானது. கதிர்வீச்சு பெறாதவர்களில் 39.2 சதவீதத்தினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது, பெற்றவர்களில் 14.3 சதவீதம். உயிர் வாழ்ந்த கணக்கில் மூன்று பிரிவுகளுக்கும் வேறுபாடில்லை. ஃபிஷர் 2019-இல், 101 வயதில் காலமானார். குஷ்னர் 1990-இலேயே போய்விட்டிருந்தார், மார்பகப் புற்றுநோயால்.