மூன்றாம் அடுக்கு சுவிட்ச்

ஒரு வளாகத்துக்குள் இருக்கும் பல தனி வலைகளுக்கு இடையே, ரவுட்டர் செய்யும் வேலையைத் தன் சில்லிலேயே முடித்துவிடும் சுவிட்ச் இது. களத்தில் இருப்பவர்கள் ‘எல் த்ரீ சுவிட்ச்’ என்பார்கள். சாதாரண சுவிட்ச், கருவியின் 48 பிட் மேக் முகவரியை மட்டும் பார்த்துத் தரவை உரிய போர்ட்டில் தள்ளும். இதுவோ ஐபி முகவரியையும் படித்து வழி சொல்லும்.

1973இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட், எல்லோருக்கும் ஒரே கம்பி என்ற ஏற்பாடு. ஒருவர் பேசினால் மற்றவர் பொறுத்திருக்க வேண்டும். இருவர் ஒருசேரப் பேசினால் மோதல். பின்னர் வந்த ஹப், இதே நெரிசலைப் பெட்டிக்குள் அடைத்ததே தவிரத் தீர்க்கவில்லை. தீர்த்தது 1990இல் வந்த ஏழு போர்ட் ‘ஈதர்சுவிட்ச்’. அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் கல்பனா. அதை நிறுவியவர்களில் ஒருவரான இந்திய வம்சாவளியினர் வினோத் பரத்வாஜ், தம் மனைவியின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். 1994இல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது.

சுவிட்ச் மோதலைத் தீர்த்தது, கூச்சலைத் தீர்க்கவில்லை. ‘இந்த ஐபி யாருடையது?’ என்று ஒரு கணினி கேட்டால், வலையில் உள்ள அத்தனை கணினிகளுக்கும் அது கேட்கும். ஆயிரம் கணினிகள் இருந்தால் இந்த அறிவிப்புகளே பெரும் சுமை. அதனால் கணக்குப் பிரிவு தனி, ஆய்வகம் தனி என்று வலையைக் கூறுபோடும் விலான் முறை பரவியது. 1998இல் அதற்கு 802.1கியூ என்ற தரநிலை வந்தது. கூறுபோட்டதும் புதுத் தலைவலி: ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்குப் போக ரவுட்டர் வேண்டும்.

அந்த ரவுட்டரை ஒற்றைக் கேபிளில் சுவிட்சோடு தொங்கவிடுவதுதான் அன்றைய வழக்கம். சூளூர்பேட்டையில் ரயில் ஏறுகிறவர், தெற்கே பக்கத்தில் இருக்கும் தடாவில் இறங்காமல், அதைத் தாண்டி மொத்தம் 80 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னை போய், அதே பாதையில் தடாவுக்குத் திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த மேசைகளில் இருக்கும் இரண்டு கணினிகள் வேறு வேறு விலானில் இருந்தால் தரவு அப்படித்தான் பயணம் செய்தது. ஒரே கேபிளில் இரண்டு முறை. ‘வேகமான பெட்டி’ என்று விற்கப்படும் எல் த்ரீ சுவிட்சின் உண்மையான லாபம் இந்த வீண் பயணத்தை ஒழித்ததுதான். வேகம் அதற்குப் பிறகு.

வேகமும் சும்மா இல்லை. ஜிகாபிட் இணைப்பில் 64 பைட் அளவுள்ள மிகச் சிறிய சட்டகங்கள் வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 14,88,000. ஒவ்வொன்றுக்கும் வழி தேடி, ஆயுள் எண்ணில் ஒன்றைக் கழித்து, சரிபார்ப்பு எண்ணைத் திருத்தி, மேக் முகவரிகளை மாற்றி எழுத வேண்டும். மென்பொருளில் இதைச் செய்த அன்றைய ரவுட்டர்கள் திணறின. இந்த ஒரு வேலைக்கென்றே வடிவமைத்த ஏசிக் சில்லுகளுக்கு இது இயல்பான ஓட்டம்.

தொடக்க கால மாதிரிகள் சிலவற்றில் ஒரு குறுக்கு வழி இருந்தது. ஓர் உரையாடலின் முதல் பாக்கெட்டுக்கு மட்டும் செயலி வழி தேடும். அந்த வழியைச் சுவிட்ச் நினைவில் வைத்துக்கொள்ள, மற்றவை அதையே பின்தொடரும். பழகிய இடங்களுக்கே போகும் அலுவலகப் போக்குவரத்துக்கு இது போதும். 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் எனும் கணினிப் புழு கிளம்பியது. 404 பைட் பாக்கெட்டாகப் பயணித்த அது, கண்ட கண்ட முகவரிகளுக்கெல்லாம் தன்னை அனுப்பியது. எந்த முகவரியும் பழகியதில்லை, எனவே எல்லாமே ‘முதல் பாக்கெட்’. நினைவகம் நிரம்பிச் செயலி மூச்சுத் திணறியது. முழு வழி அட்டவணையையும் முன்கூட்டியே சில்லில் ஏற்றிவைக்கும் முறையே மேல் என்பதை இத்தகைய புழுக்கள் கசப்பாகவே உணர்த்தின.

வளாகத்துக்குள் இவ்வளவு செய்யும் சுவிட்ச், வெளி இணைய இணைப்பை இம்மியும் வேகப்படுத்தாது. இதை எதிர்பார்த்துக் காசைக் கொட்டுபவர்கள் உண்டு. வெளியுலகின் வாசலில் முகவரி மாற்றம், மறையாக்கம் போன்றவற்றுக்கு இன்றும் ரவுட்டரோ ஃபயர்வாலோதான் நிற்கிறது. அட்டவணையின் இடமும் அளவானது. அது தங்கும் டிகாம் எனும் வேக நினைவகம் விலை கூடியது, மின்சாரத்தையும் விழுங்குவது. வளாகச் சுவிட்சுக்கு இது பிரச்சினை இல்லை: சொந்த விலான்கள் போக, ‘மற்றதெல்லாம் அந்தப் பக்கம்’ என்ற ஒரே வழி போதும். இணையச் சேவை நிறுவனங்களின் பெட்டிகள் அப்படி இருக்க முடியாது; உலக வழிகள் எல்லாம் அவற்றுக்கு வேண்டும். 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக இணைய வழிகளின் எண்ணிக்கை சில இடங்களில் 5,12,000ஐத் தாண்டியது. பரவலாகப் புழங்கிய சில பழைய பெட்டிகளின் டிகாமில் ஒதுக்கப்பட்டிருந்த இடம் அவ்வளவுதான். இடம் போதாத வழிகள் மென்பொருளுக்குத் தள்ளப்பட, பல இடங்களில் இணையம் தடுமாறியது. ஐபி ஆறாம் பதிப்புக்கு ஒதுக்கிய இடத்தில் கொஞ்சத்தைப் பிடுங்கி நான்காம் பதிப்புக்குக் கொடுத்து, பெட்டியை அணைத்துப் போடுவதுதான் அன்றைக்குக் கிடைத்த பரிகாரம்.