வீரக் காதையும் திரைப்போரும்

நாம் கூடியுள்ள தெலுக் பங்லிமா காராங்கின் பெயரிலேயே ஒரு வீரன் உறைகின்றான். மலாய் மொழியில் ‘தெலுக்’ கடற்குடா, ‘பங்லிமா’ படைத்தலைவன்.

ஐரோப்பாவின் 12ஆம் நூற்றாண்டுக் காதையில் பெர்சிவால் திருக்கிண்ணத்தைத் தேடி அலைகின்றான். மலாய்க் காதையில் ஹங் துவா மன்னன் ஆணையேற்று இந்தியா, சீனம் முதலிய நாடுகளுக்குத் தூது செல்கின்றான். புறப்பாடு, இடர், விசுவாசச் சோதனை என்பவையே இரண்டிற்கும் பொதுவான படிகள்.

1956இல் பணி மஜும்தார் இயக்கிய ‘ஹங் துவா’ திரைப்படத்தில் பி. ரம்லி அவ்வீரனாக நடித்தார். ஈராண்டுகளில் ‘சார்ஜன் ஹசான்’ படத்தில் சப்பானியரை எதிர்க்கும் படைவீரனானார். கெரிஸ் துப்பாக்கியாயிற்று, மன்னன் இடத்தில் நாடு நின்றது, கதையின் கட்டமைப்போ மாறவில்லை.

அக்கட்டமைப்பு யாரை வெளியே நிறுத்தியது என்பதே நம் வினா. அப்போர்க்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெருந்தொகையினர் மீளவில்லை. அப்பாதையைப் பொருளாகக் கொண்ட ‘குவாய் ஆற்றுப் பாலம்’ (1957) திரைப்படமும் ஆங்கிலப் போர்க்கைதிகளையே முன்னிறுத்தியது. சூளுரைத்துப் புறப்படாதவனுக்குக் காதையில் இடமில்லை போலும்.

தமிழ் மரபோ ஆநிரை மீட்டு மாண்ட எளியவனுக்கும் நடுகல் எழுப்பியது. பெயரும் பீடும் பொறித்தது. ஆசிரியர்களே, மாணவர்களே! நம் இல்லத்து முதியோரிடம் மீளாதோரின் பெயர்களைக் கேட்டெழுதுவோம். கல் நடுதற்கு முன் பெயர் வேண்டும்.