மக்குப் பட்டமும் குறட்டையும்

பிள்ளை குறட்டை விட்டால், அசந்து தூங்குகிறது என்று மகிழும் பெற்றோர் இன்றும் உண்டு. 1889-ஆம் ஆண்டிலேயே பிரிட்டன் மருத்துவர் வில்லியம் ஹில் இதை மறுத்து எழுதினார். வகுப்பில் மக்கு, சோம்பேறி என்று பெயரெடுத்த பிள்ளை இரவில் குறட்டை விட்டுப் புரள்கிறதா? வாயால் மூச்சு விடுகிறதா? காலையில் வாய் உலர்ந்து எழுந்து, பள்ளியில் தலைவலி என்கிறதா? அப்படியானால் அதைப் பள்ளி மருத்துவர் கவனிக்க வேண்டும் என்றார் அவர். மூக்கின் பின்புறம் வளரும் அடினாய்டு சதையைக் கோப்பன்ஹேகனில் வில்ஹெல்ம் மெயர் 1868-லேயே விளக்கியிருந்தார். காரணம் கையில் இருந்தும் பிள்ளைகளுக்கு அடிதான் கிடைத்தது.

பிறகு அந்தப் பேச்சே அமுங்கிப் போனது. 87 ஆண்டுகள் கழித்து, 1976-இல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டியன் கில்மினோவும் உடன் ஆய்ந்தவர்களும் எட்டுப் பிள்ளைகளின் தூக்கத்தை ஆராய்ந்து, மூச்சு நின்று நின்று வருவதைப் பதிவு செய்தனர். 1998-இல் டேவிட் கோசால், படிப்பில் பின்தங்கிய முதலாம் வகுப்புப் பிள்ளைகளில் இக்கோளாறைத் தேடினார். டான்சில், அடினாய்டு அகற்றப்பட்ட பிள்ளைகளின் மதிப்பெண் மறு ஆண்டு உயர்ந்தது.

எல்லாருக்கும் கத்தி வேண்டுமா? 2013-இல் வெளியான, 464 பிள்ளைகள் பங்குபெற்ற அமெரிக்க ஆய்வில், அறுவைச் சிகிச்சை பெற்றவர்களின் தூக்கமும் நடத்தையும் கூடுதலாகத் தேறின. காத்திருந்தவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏழு மாதங்களில் மூச்சு தானாகவே சீரானது.