213-ஆம் பிரிவு

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் தலைமுறைக்கு ‘கோத் சிவில்’ வீட்டில் புழங்கிய சொல். நெப்போலியன் 1804-இல் கொண்டுவந்த சிவில் சட்டம் அது. நல்ல உறவு எது, கெட்ட உறவு எது என்று இன்று பிள்ளைகள் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு அந்தச் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

212-ஆம் பிரிவு, கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் உண்மையாக இருக்க வேண்டும், உதவ வேண்டும் என்றது. நல்ல பேச்சு. அடுத்த 213-இல் கணவன் பாதுகாப்பு தர வேண்டும், மனைவி கீழ்ப்படிய வேண்டும். 214-இன்படி அவன் எங்கே குடியிருக்க நினைக்கிறானோ அங்கே அவள் போக வேண்டும். 217-இன்படி அவன் சம்மதமில்லாமல் அவள் சொத்தை விற்கவோ வாங்கவோ கூடாது. கலியாணத்தை நடத்திவைக்கும் அதிகாரி 212 முதலான பிரிவுகளை மணமக்கள் முன் உரக்கப் படிக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.

1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி நம் ஊரில் பலர் தங்கள் பழைய வழக்கச் சட்டத்தைத் துறந்து கோத் சிவிலுக்குள் வந்தார்கள். இவர்களைத்தான் ‘ரெனோன்சான்’ என்கிறோம். சாதி பாராத சம உரிமை வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அது நியாயமான ஆசை. ஆனால் சமத்துவம் தேடிப் போன அந்த ஆண்களோடு அவர்கள் மனைவிமார் போய்ச் சேர்ந்த இடம் 213-ஆம் பிரிவு. பழைய வழக்கத்தில் மட்டும் பெண்களுக்குச் சமத்துவம் இருந்ததா என்றால், அதுவும் இல்லை.

பிரான்சில் ‘கீழ்ப்படிதல்’ சட்டத்திலிருந்து நீங்கியது 1938-இல். கணவன் தடுக்க முடியாதபடி மனைவி வேலைக்குப் போகவும், தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளவும் 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 212-ஆம் பிரிவில் ‘மரியாதை’ என்ற சொல் சேர்ந்தது 2006-இல். அதை முதல் சொல்லாகவே வைத்தார்கள். அந்த ஒரு சொல் வந்து சேர 202 வருஷம்!

அடி உதை இருந்தால் கெட்ட உறவு என்று யாருக்கும் தெரியும். 214-உம் 217-உம் காட்டுவது வேறு அடையாளம். எங்கே குடியிருப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? பணம் யார் கையில்? யார் யாரிடம் அனுமதி கேட்கிறார்கள்? பாதுகாப்பு என்ற பெயரிலேயே இவ்வளவும் நடந்துவிடும்.

போன மாதம் இதையெல்லாம் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். முதல் மாதத்திலிருந்தே அவள் சம்பளம் என் கைக்குத்தான் வந்தது. பாஸ்புக்கும் என் அலமாரியில்தான். நான் ஒருநாளும் கை ஓங்கியதில்லை, நல்ல புருஷன் என்றே நினைத்திருந்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “என் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு மோதிரம் போடணும்னு உங்ககிட்ட மூணு தடவை கேட்டேனே, ஞாபகம் இருக்கா?”

எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருக்கிறது.

அன்று சாயங்காலமே பாஸ்புக்கை எடுத்து அவளிடம் கொடுத்தேன். “இப்பவாவது குடுத்தீங்களே” என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.