வந்தவர்கள் வகுத்த ரோம்

ரோமுக்கு ஊர் பார்க்கப் போகிறவர் நடக்கும் முக்கியமான தெருக்கள் பலவும், ஏறும் படிகளும், கடக்கும் பாலங்களும் அவருக்கு முன்பு வந்துபோனவர்களுக்காகக் கட்டப்பட்டவை. பேரரசின் தலைநகர் என்ற பெருமையை இழந்தபின் அந்த நகரம் பல நூற்றாண்டுகள் வெளியூர்க்காரரை நம்பியே வாழ்ந்தது. புனித பேதுருவும் புனித பவுலும் அடக்கமான இடங்களைத் தேடி ஐரோப்பா முழுவதிலிருந்தும் மக்கள் கால்நடையாக வந்தார்கள்.

அவர்களுக்கு வழிகாட்டும் ஏடுகள் மிகப் பழமையானவை. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்தில் 9ஆம் நூற்றாண்டுக் கைப்பிரதி ஒன்று இருக்கிறது. நகரின் ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலுக்குப் போகும்போது இடப்புறம் என்ன தெரியும், வலப்புறம் என்ன தெரியும் என்று அது வரிசையாகச் சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘மிராபிலியா’, அதாவது ‘ரோம் நகரின் அற்புதங்கள்’, நம் தலபுராணங்களைப் போன்றது. ஒவ்வொரு கல்லுக்கும் அதில் ஒரு கதை உண்டு. வத்திக்கானில் நின்ற எகிப்திய ஊசித்தூணின் உச்சியில் இருந்த வெண்கல உருண்டைக்குள் ஜூலியஸ் சீசரின் அஸ்தி இருப்பதாக அக்கால மக்கள் நம்பினார்கள். கதை தவறானாலும் அது கல்லைக் காப்பாற்றியதும் உண்டு. மார்க்கஸ் அவுரேலியஸ் குதிரைமேல் அமர்ந்த வெண்கலச் சிலை உருக்கப்படாமல் தப்பியதற்கு, அதைக் கிறித்தவப் பேரரசர் கான்ஸ்டன்டைன் என்று மக்கள் நினைத்ததே காரணம்.

1300ஆம் ஆண்டு போப் எட்டாம் போனிஃபாஸ் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தார். பாவசங்கீர்த்தனம் செய்து, பேதுரு, பவுல் பேராலயங்களை உள்ளூர்க்காரர் 30 நாளும் வெளியூர்க்காரர் 15 நாளும் தரிசித்தால் பரிபூரண பலன் என்பது அறிவிப்பு. 15 நாள் தங்குவதென்றால் படுக்க இடம் வேண்டும், உண்ண ரொட்டி வேண்டும், குதிரைக்குத் தீவனம் வேண்டும். நகரின் விடுதிக்காரர்களுக்கு அந்த ஆண்டு பொற்காலமானது. டைபர் ஆற்றைக் கடந்து பேதுரு பேராலயம் செல்ல சான்ட் ஏஞ்சலோ பாலமே முதன்மையான வழி. போகிறவர்கள் ஒரு பக்கமும் திரும்புகிறவர்கள் மறுபக்கமுமாக அதில் கூட்டத்தைப் பிரித்து விட்டதைக் கவி தாந்தே தம் நரகப் படலத்தில் உவமையாக்கியிருக்கிறார். நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்றிருந்த யூபிலி பிறகு ஐம்பதாகவும், 15ஆம் நூற்றாண்டில் இருபத்தைந்தாகவும் சுருங்கியது.

1450 யூபிலியில் அந்தப் பாலம் பலி கொண்டது. டிசம்பர் மாதத்து மாலை ஒன்றில், பேராலயத்திலிருந்து திரும்பிய கூட்டம் பாலத்தில் நெருக்கியடித்தது. பாலத்தின்மேலே கடைகள் வேறு வழியை அடைத்திருந்தன. கோவேறு கழுதை ஒன்று மிரண்டதும் நெரிசல் கட்டுமீறியது. மிதிபட்டும் ஆற்றில் விழுந்தும் ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். போப் ஐந்தாம் நிக்கோலஸ் பாலத்தின் முகப்பை அடைத்திருந்த கட்டடங்களை இடித்து அகலப்படுத்தினார். இறந்தவர்கள் நினைவாக அங்கே இரண்டு சிறு கோயில்கள் எழுந்தன. அடுத்த யூபிலியை எண்ணி போப் நான்காம் சிக்ஸ்டஸ் ஆற்றின் தென்பகுதியில் இன்னொரு பாலம் கட்டினார். இன்று பொழுதுசாயும் வேளையில் இளைஞர் கூடும் ‘போன்டே சிஸ்டோ’ அதுதான்.

ஐந்தாம் சிக்ஸ்டஸ் ஐந்தே ஆண்டுகள்தான், 1585 முதல் 1590 வரை, போப்பாக இருந்தார். ஆனால் ரோமின் தெருப்படத்தில் அவர் கை அளவுக்கு ஆழமாகப் பதிந்த கை வேறில்லை. தொலைவில் சிதறிக் கிடந்த பேராலயங்களை நேர்த்தெருக்களால் இணைத்து, வழி முடிகிற இடத்தில் ஊசித்தூண்களை நிறுத்தினார். எழுத்தறியாத யாத்திரிகரும் தூணைப் பார்த்தே நடந்து சேரலாம். 1586இல் வத்திக்கான் தூணை இடம் மாற்றிய பொறியாளர் டொமினிகோ ஃபோன்டானா, 25 மீட்டர் உயரமும் 300 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட அந்தக் கல்லை நூற்றுக்கணக்கான ஆட்களையும் குதிரைகளையும் கொண்டு சாய்த்து, இழுத்து, மீண்டும் நிமிர்த்தினார். உச்சியிலிருந்த வெண்கல உருண்டையையும் சோதித்தார். அது திறப்பே இல்லாத வார்ப்பு. சீசரின் சாம்பலை அதற்குள் வைக்க வழியே இல்லை.

18ஆம் நூற்றாண்டில் வந்தவர்களின் நோக்கம் மாறியது. இங்கிலாந்து, ஜெர்மனிச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படிப்பின் நிறைவாக ரோமைப் பார்க்க வந்தார்கள். வடக்கே போபோலோ வாசலில் நுழைந்ததும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகள் சுங்கச் சாவடிக்குப் போகும். அந்தச் சாவடி இருந்தது பேரரசர் ஹேட்ரியனின் பழைய கோயிலுக்குள். கோயில் தூண்களை இன்றும் அங்கே காணலாம். தங்குவதற்கு ஸ்பானியச் சதுக்கம். அதையொட்டி 1720களில் எழுந்த புகழ்பெற்ற படிக்கட்டு ஸ்பெயினின் பெயரைத் தாங்கினாலும், பிரெஞ்சுத் தூதரக அதிகாரி ஒருவர் எழுதிவைத்த பணத்தில் கட்டப்பட்டது. ஓவியர் பம்பேயோ பத்தோனியிடம் இடிபாடுகள் பின்னணியில் உருவப்படம் வரைந்துகொள்வதும், பிரானேசி செதுக்கி அச்சிட்ட நகரக் காட்சிகளை வாங்கிச் செல்வதும் வழக்கம். அத்தகைய அச்சுப்படங்கள் ஊரூராகப் பரவி அடுத்த தலைமுறையை அழைத்து வந்தன. சிறுவயதில் தந்தை வீட்டுக் கூடத்தில் ரோம் படங்களைப் பார்த்து வளர்ந்த கவிஞர் கெத்தே, 1786இல் பெயரை மாற்றிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார்.

கோடையில் மட்டும் வரமாட்டார்கள். சுற்றியுள்ள சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்று காய்ச்சலைத் தரும் என்ற அச்சம்; ‘மலேரியா’ என்ற சொல்லே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்பதுதான். அதில் கொசுவின் பங்கை 1897இல் செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். மறு ஆண்டே ரோமில் விலங்கியலாளர் கிராஸி, மனிதருக்கு மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் கொசு என்று நிறுவினார். உடல் தேற வந்து உயிரை விட்டவர்களும் உண்டு. காசநோயோடு வந்த ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1821 பிப்ரவரியில் ஸ்பானியப் படிக்கட்டை ஒட்டிய வீட்டில் 25 வயதில் இறந்தார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

1860களில் ஆங்கிலேயப் பயண ஏற்பாட்டாளர் தாமஸ் குக்கின் குழுப் பயணங்களும் ரயிலும் நடுத்தர வகுப்பாரைக் கொண்டுவந்தன. 1870 செப்டம்பரில் இத்தாலியப் படை போப்பின் ஆட்சியை முடித்தது; மறு ஆண்டு ரோம் தேசத்தின் தலைநகரானது. அகழாய்வாளர்கள் கொலோசியத்தைத் துப்புரவாக்கினார்கள். 1855இல் ரிச்சர்ட் டீக்கின் என்ற ஆங்கிலேயர் அதன் சுவர்களில் 420 வகைச் செடிகொடிகளைக் கணக்கெடுத்திருந்தார். அந்தத் தோட்டம் வேரோடு பிடுங்கப்பட்டது. கல்லுக்கு அது நன்மை என்றாலும், ஒரு பேரழகு போனது மெய். முசோலினி காலத்தில் பேதுரு பேராலயத்தின் முன்னிருந்த பழைய குடியிருப்பு 1936 முதல் இடிக்கப்பட்டது. அங்கே போடப்பட்ட அகலச் சாலை 1950 யூபிலிக்குத்தான் முழுமை பெற்றது.

2025 யூபிலிக்காகவும் அதே ஆற்றோரத்தில்தான் வேலை நடந்தது. சான்ட் ஏஞ்சலோ கோட்டைக்கும் அந்த அகலச் சாலைக்கும் இடையே ஓடிய வண்டிகளைச் சுரங்கப்பாதைக்குள் இறக்கி, மேலே நடப்பவர்களுக்கென ஒரு சதுக்கம் திறந்தார்கள். 1450இல் நெரிசல் நடந்த பாலம் அங்கிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது.