இரட்டைக் குழலும் உரிமமற்ற துப்பாக்கிகளும்: சம்பாவத், 1907

காலனிய இந்தியாவின் வேட்டை வரலாறு பெரும்பாலும் வேட்டைக்காரர்கள் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளைக் கொண்டே அறியப்படுகிறது. விலங்கின் நீளம், காத்திருந்த இடம், சுட்டவரின் மனநிலை ஆகியன அவற்றில் விரிவாகக் கூறப்படும். கையிலிருந்த கருவி யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்னும் வினா அருகியே எழுகிறது. பெருவிலங்கு வேட்டைக்கென இங்கிலாந்தில் செம்மை பெற்ற இரட்டைக் குழல் ரைபிளை முன்வைத்து அவ்வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இக்கருவியில் இரண்டு குழல்கள் பக்கவாட்டில் இணைக்கப்பட்டிருக்கும். பொதுவாக ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியே விசையும் சுடும் பொறியும் உண்டு. அடர்காட்டில் யானையையோ காட்டெருமையையோ புலியையோ இருபது முப்பது மீட்டர் தொலைவில் எதிர்கொள்பவருக்கு முதற்குண்டு தவறினால் மறுகுண்டைக் குழலேற்ற அவகாசம் இராது. இரட்டைக் குழலிலோ விரலை அடுத்த விசைக்கு நகர்த்துவதே போதுமானது. ஒரு பொறி பழுதுற்றாலும் மற்றது இயங்கும். ஒரே சட்டகத்தில் இரண்டு துப்பாக்கிகள் என்று இதனைக் கருதுவது தவறாகாது.

இதனை உருவாக்குவதில் கடினமான பகுதி குழல்களை ஒருமுகப்படுத்துவதாகும். இரு குண்டுகளும் குறித்த தொலைவில் ஏறத்தாழ ஒரே இடத்தைத் தாக்கும்வரை கைவினைஞர் சுட்டுப் பார்த்து, இணைப்பை இளக்கி, குழல்களைச் சிறிதே நகர்த்தி, மீண்டும் பற்றவைத்துச் சரிசெய்வார். இச்சீரமைப்பு ஒரு குறிப்பிட்ட வகைத் தோட்டாவுக்கு மட்டுமே பொருந்தும். வெப்ப நாடுகளில் கார்டைட் மருந்தின் அழுத்தம் மிகுவதால் அந்நாடுகளுக்கெனக் குறைந்த மருந்துடன் தனித் தோட்டாக்களும் விற்கப்பட்டன. ஆகவே, இத்துப்பாக்கி வைத்திருந்தவர் தம் விருப்பம்போல் தோட்டாவை மாற்றிக்கொள்ள இயலாது. பின்னர் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள இது இன்றியமையாத செய்தியாகும்.

1898இல் லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் ஜான் ரிக்பி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்னும் தோட்டாவை அறிமுகப்படுத்தினார். சுமார் 31 கிராம் எடையுள்ள அதன் குண்டு, பழைய கரும்மருந்துத் துப்பாக்கிகளின் பெரும்பாரத்தைத் தேவையற்றதாக்கியது. எனினும் 1907 வாக்கில் .450 அளவுத் தோட்டாக்கள் இந்தியாவிலும் சூடானிலும் தடைசெய்யப்பட்டன. பிரித்தானியப் படையின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியும் அதே அளவினது. கிளர்ச்சியாளர் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்த அத்துப்பாக்கிகளுக்கு வேட்டைத் தோட்டாவின் உறுப்புகள் பயன்பட்டுவிடும் என்று அரசு அஞ்சியது. இத்தடைக்குப் பின்னரே .465, .470, .475, .476 முதலான அளவுகள் பெருவழக்காயின. இன்றும் ஆர்வலர்கள் போற்றும் .470 அளவின் புகழ் யானையின் உடல்வலிமையால் மட்டும் வந்ததன்று. குடிமக்களைப் பற்றிய அரசின் அச்சத்திற்கும் அதில் பங்குண்டு.

அவ்வச்சம் புதியதன்று. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது இயற்றப்பட்ட 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெறவேண்டும். ஐரோப்பியருக்கோ விதிகளின்வழி விலக்கு அளிக்கப்பட்டது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டில் இச்சட்டம் கடும் விவாதத்திற்குள்ளானது.

இப்பின்னணியில், அதே 1907இல் குமாயுன் மலைப்பகுதியிலுள்ள சம்பாவத்தில் நிகழ்ந்த வேட்டை தனிக் கவனத்திற்குரியது. நேபாளத்திலும் குமாயுனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் பெண்புலியை ஜிம் கார்பெட் அங்கு வீழ்த்தினார். தி.ஜ.ர. மொழிபெயர்ப்பில் ‘குமாயுன் புலிகள்’ எனத் தமிழ் வாசகரும் அறிந்த அவரது நூல் 1944இல் வெளிவந்தது. 37 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட நினைவாகையால் அதனை எச்சரிக்கையோடு அணுகவேண்டும். ஆயினும், தம் வீரத்திற்குப் பெருமை சேர்க்காத செய்திகளையும் கார்பெட் மறைக்கவில்லை. ஆய்வாளருக்குப் பெரிதும் உதவுபவை அப்பகுதிகளே.

பள்ளத்தாக்கிலிருந்து புலியைக் கலைத்துவிட ஆள்கள் தேவைப்பட்டனர். அவர்களைத் திரட்டும் பொறுப்பை உள்ளூர்த் தாசில்தார் ஏற்றார். உரிமமற்ற துப்பாக்கிகளைத் தாம் கண்டுகொள்வதில்லை என்றும், வேண்டுவோருக்கு வெடிமருந்து தருவதாகவும் அவர் அறிவித்தார். நண்பகலுக்குள் 298 பேர் கூடினர். துப்பாக்கி, கோடரி, துருவேறிய வாள், ஈட்டி எனப் பலவகை ஆயுதங்கள் வெளிவந்தன. சட்டத்தைக் காக்கவேண்டிய அலுவலரே ஒரு நாள் அதனை ஒதுக்கி வைத்திருக்கிறார். முப்பதாண்டுகளாக நடைமுறையிலிருந்த சட்டத்தால் அம்மலையூர்களிலிருந்து துப்பாக்கிகளை அகற்ற முடியவில்லை. அவற்றைக் கூரையிடுக்கில் ஒளித்துவைக்கும் நிலையையே அது உண்டாக்கியது என்று கொள்வதற்கு இந்நிகழ்ச்சி இடம் தருகிறது. மனிதரைக் கொல்லும் புலி ஆண்டுக்கணக்கில் உலவிய வட்டாரத்தில் அந்நிலைக்கு மக்கள் கொடுத்த விலை சிறிதன்று.

கார்பெட்டிடம் .500 அளவு ரைபிள் ஒன்றிருந்தது. அது தடைக்குட்பட்ட அளவன்று. ஆனால் தோட்டாக்கள் மூன்றே இருந்தன. அம்மூன்றும் தீர்ந்த பின்னும் காயமுற்ற புலி வீழவில்லை. அவர் ஓடிச்சென்று தாசில்தாரின் துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு வந்தார். குழலுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே இடைவெளி விழுந்திருந்த பழுதுபட்ட கருவி அது. புலியின் வாயைக் குறிவைத்துச் சுட்ட குண்டு அதன் வலது முன்பாதத்தில்தான் பட்டது. முன்னரே தளர்ந்திருந்த புலி அத்துடன் சாய்ந்தது.

பின்னர் உடலை ஆராய்ந்தபோது, வலப்புறத்து மேற்கோரைப்பல் பாதியாகவும் கீழ்க்கோரைப்பல் எலும்புவரையிலும் முறிந்திருக்கக் கண்டனர். பழைய துப்பாக்கிக் காயமே அதற்குக் காரணம் என்றும், இயல்பான இரையைக் கொல்ல இயலாமற்போனதால்தான் அப்புலி மனிதரை நாடியது என்றும் கார்பெட் முடிவுசெய்தார். அக்குண்டு உரிமம் பெற்றவர் துப்பாக்கியிலிருந்து வந்ததா, கூரையிடுக்கில் ஒளிந்திருந்ததிலிருந்து வந்ததா என்பதை அவர் நூல் கூறவில்லை.