ஹேர்மிஸ் ஏடுகளும் ஐரோப்பிய மறுமலர்ச்சியும்

ஐரோப்பிய மறுமலர்ச்சியைக் கிரேக்க, உரோம இலக்கியங்களின் மீள்கண்டுபிடிப்பாகவே பாடநூல்கள் பெரும்பாலும் காட்டுகின்றன. அக்காலத்துக் கற்றோர் தலைமேற்கொண்டு போற்றிய ஆசான்களுள் ஒருவர் எகிப்தியராகக் கருதப்பட்டவர் என்பது அத்துணை பேசப்படுவதில்லை. 'மும்முறை பெரியோன்' எனப் பொருள்படும் அடைமொழியோடு வழங்கிய ஹேர்மிஸ் திரிஸ்மெகிஸ்துஸ் என்பவரே அவர். கிரேக்கரின் ஹேர்மிஸும் எகிப்தியரின் எழுத்துத் தெய்வமாகிய தோத்தும் ஒன்றாய் இணைந்து உருவான இவரது பெயரால், கடவுள், உலகு, ஆன்மா பற்றிய உரையாடல்கள் எகிப்து நாட்டிலே கிரேக்க மொழியில் எழுந்தன.

1460ஆம் ஆண்டளவில் துறவி ஒருவர் இவ்வுரையாடல்களின் கையெழுத்துப் பிரதியொன்றை மக்கெடோனியாவிலிருந்து புளோரன்சு நகருக்குக் கொணர்ந்தார். அந்நகரை ஆட்டிப்படைத்த கொசிமோ டி மெடிச்சி, பிளேற்றோவின் நூல்களை இலத்தீனிற் பெயர்க்க முனைந்திருந்த மார்சிலியோ ஃபிசீனோவை அழைத்து, அப்பணியை நிறுத்திவைத்து இதனையே முதலில் முடிக்குமாறு பணித்தார். 1463இல் மொழிபெயர்ப்பு நிறைவுற்றது. மறு ஆண்டே முதியவர் கொசிமோ காலமானார். பிளேற்றோவும் காத்திருக்க நேர்ந்தமைக்குக் காரணம் தொன்மை பற்றிய நம்பிக்கையே. ஹேர்மிஸ் மோசேயின் காலத்தவர்; பிளேற்றோ பெற்ற ஞானத்துக்கு ஊற்றானவர்; கிறித்துவின் வருகையையும் முன்னுணர்ந்தவர் என்றெல்லாம் அவர்கள் எண்ணினர். 1488இல் சியன்னாப் பேராலயத்தின் பளிங்குத் தரையில் அவரது உருவம், மோசேயின் சமகாலத்தவர் என்ற குறிப்புடன் பதிக்கப்பட்டது. புறச்சமயத்தார் எனத் தள்ளப்பட்டிருக்க வேண்டிய ஒருவர் ஆலயத்தினுள்ளே இடம்பெற்றமை, அந்நம்பிக்கையின் ஆழத்தை எந்த ஏட்டினையும் விடத் தெளிவாகக் காட்டும்.

புளோரன்சுக்கு முன்னரே வேறொரு வழியும் திறந்திருந்தது. கோள்களின் ஆற்றலையும் அவற்றுக்குரிய உருவங்களையும் பற்றிப் பேசும் 'காயத் அல் ஹக்கீம்' என்னும் அரபு நூல், ஸ்பானியாவில் பத்தாம் அல்பொன்சோ மன்னனின் ஆணைப்படி 1256ஆம் ஆண்டளவிற் கஸ்தீலிய மொழிக்குப் பெயர்க்கப்பட்டு, பின்னர் 'பிக்காத்திரிக்ஸ்' என்ற பெயரோடு இலத்தீனிலும் உலவிற்று. அரபு அறிஞரின் இப்பங்கு உரிய மதிப்பைப் பெறவில்லை என்றே கூறல் வேண்டும்.

1614இல் ஐசாக் கசோபன் ஹேர்மிஸ் ஏடுகளின் கிரேக்க நடையை நுணுகி ஆராய்ந்தார். மோசேயின் காலத்தவர் எழுதியதாகக் கூறப்பட்ட நூலிலே, பல நூற்றாண்டு பிற்பட்ட சிற்பியாகிய பீடியாஸின் பெயர் வருவது எங்ஙனம்? அவை கிறித்துவுக்குப் பிற்பட்டவை என அவர் நிறுவினார். மொழியாராய்ச்சி ஒன்றே பெரியதொரு மதிப்பைச் சரித்ததற்கு இதனினும் சிறந்த சான்று காண்பதரிது. கவிஞர் உலகம் மட்டும் அவரை உடனே கைவிடவில்லை. 1645இல் அச்சேறிய மில்ற்றனின் 'இல் பென்செரோசோ'விலும் ஹேர்மிஸ் நினைவுகூரப்படுகிறார்.

கசோபனின் காலக்கணிப்பு இன்றும் நிலைபெற்றுள்ளது. எனினும் எகிப்தின் சாயலே அவ்வேடுகளில் இல்லையெனப் பின்வந்தோர் பலர் கொண்ட முடிபு நிலைக்கவில்லை. 1945இல் மேல் எகிப்தின் நாக் ஹம்மாதியிற் கிடைத்த சுவடிகளுள் ஹேர்மிஸ் நூல்கள் சில கொப்திய மொழியில் இருந்தன. 2005இல் பதிப்பிக்கப்பட்ட 'தோத்தின் நூல்' என்னும் எகிப்திய ஆக்கமோ, அறிவை நாடும் மாணவனொருவன் தெய்வ ஆசானோடு நடத்தும் உரையாடலாகவே அமைந்துள்ளது.